தன்னை அறியப் பழைய உளவியல் நூல்கள்

அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902-ஆம் ஆண்டு வெளியிட்ட 'சமய அனுபவத்தின் வகைகள்' என்ற நூலில், பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதி அனுப்பியதாக ஒரு குறிப்பு இடம்பெற்றுள்ளது. எதிர்காலத்தைப் பற்றிய கவலையில் மூழ்கியிருந்த அந்த மனிதர், ஒரு நாள் மாலை மங்கிய வெளிச்சத்தில் ஏதோ ஒரு பொருளை எடுக்க உள்ளறைக்குச் செல்கிறார். காரணம் எதுவுமின்றித் திடீரென ஒரு பேரச்சம் அவரைக் கவ்வுகிறது. முன்பு மனநோய்க் காப்பகத்தில் கண்ட வலிப்பு நோயாளியான இளைஞன் ஒருவனின் உருவம் கண்முன் எழுகிறது. முழங்கால்களை முகவாயோடு ஒட்டியபடி, அசைவற்று அமர்ந்திருந்த உருவம் அது. தானும் எந்த நேரத்திலும் அந்த நிலையை அடையக்கூடும், அதைத் தடுக்கத் தன்னிடம் ஒன்றுமே இல்லை என்ற எண்ணம் அவரை உலுக்கிவிடுகிறது. அதன்பின் பல மாதங்கள், காலையில் கண் விழிக்கும்போதே வயிற்றின் அடியில் திகில். இருட்டில் தனியே செல்ல அச்சம். விவிலிய வாசகங்களைப் பற்றிக்கொண்டிராவிட்டால் உண்மையிலேயே சித்தம் கலங்கியிருக்கும் என்றும் அவர் எழுதுகிறார்.

அந்தப் பிரெஞ்சுக்காரர் யார் என்பது பின்னரே தெரிய வந்தது. 1904-இல், அந்நூலைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்தவருக்கு எழுதிய கடிதத்தில், அது தம்முடைய சொந்த அனுபவமே என்று ஜேம்ஸ் ஒப்புக்கொண்டார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றும், தம் மனத்தின் நோய்க்கு மருந்து காணாமல் தவித்த இளைஞர் அவர். 1870 ஏப்ரலில் ரெனூவியே என்ற பிரெஞ்சுத் தத்துவ அறிஞரின் கட்டுரையைப் படித்தபோது அவருக்கு ஒரு பிடி கிடைத்தது. பல எண்ணங்கள் வரக்கூடிய நேரத்தில், ஒன்றை மட்டும் வேண்டுமென்றே பற்றி நிற்க மனிதனால் முடியும். அதுவே சுதந்திர இச்சை என்று ரெனூவியே விளக்கியிருந்தார். அப்படி ஓர் இச்சை தமக்கு உண்டு என நம்புவதையே அந்த இச்சையின் முதற்செயலாகக் கொள்வது என்று ஜேம்ஸ் தம் நாட்குறிப்பில் உறுதி எழுதினார்.

மனம் என்பது என்ன என்று பிற்காலத்தில் உலகுக்கு எடுத்துரைத்த ஒருவர், அந்தக் கேள்வியை இவ்வாறு தம் உயிர்ப் பிரச்சினையாகவே முதலில் சந்தித்தார். பழைய உளவியல் நூல்களை இன்றும் ஏன் படிக்க வேண்டும் என்ற வினாவிற்கு விடையின் பெரும்பகுதி இதில் அடங்கியுள்ளது. உளவியல் என்னும் துறை ஆய்வுக்கூடங்களாகவும் வினாத்தாள்களாகவும் புள்ளிவிவரங்களாகவும் விரிந்து பரவுவதற்கு முன்னர், அதை எழுதியவர்கள் தங்கள் உள்ளத்தையே முதல் ஆய்வுக்கூடமாகக் கொண்டார்கள். அவர்கள் எழுதியது சாதாரண மனிதரும் படித்துணரும் மொழியில் இருந்தது. பக்கத்தைப் புரட்டும் வாசகர், 'இது என்னைப் பற்றியதல்லவா!' என்று திடுக்கிட்டு நிற்க நேர்கிறது. இன்றைய ஆய்வுக் கட்டுரைகள் துல்லியமானவை. ஆனால் அவற்றில் இந்தத் திடுக்கிடல் அரிது. ஏழே நாட்களில் புதிய மனிதராகலாம் என்று வாக்களிக்கும் கடைவீதிப் புத்தகங்களிலோ திடுக்கிடல் மட்டுமே உண்டு, துல்லியம் இல்லை.

பழக்கம் என்னும் அத்தியாயம்

ஜேம்ஸின் பெருநூலான 'உளவியலின் கோட்பாடுகள்' 1890-இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில் முடித்துத் தருவதாக 1878-இல் பதிப்பாளரிடம் ஒப்புக்கொண்ட வேலை, பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்தது. முடித்து அனுப்பும்போது அவருக்குத் தம் நூலின்மீது பெருமையும் இல்லை. உளவியல் என்ற அறிவியலே கிடையாது, இதை எழுதியவனும் திறமையற்றவன் என்பவற்றைத் தவிர இந்த நூல் வேறெதையும் நிரூபிக்கவில்லை என்று பதிப்பாளருக்கு எழுதினார். தம்மைப் பற்றி இவ்வாறு எழுதக்கூடியவரை நம்பிப் படிக்கலாம்.

அந்நூலில் பழக்கத்தைப் பற்றிய அத்தியாயம் புகழ்பெற்றது. புதிய பழக்கத்தைத் தொடங்கும்போது முழு வலிமையோடு தொடங்குக; அது வேரூன்றும் வரை ஒரு முறையும் விலக்கு அளிக்காதே; தீர்மானத்தைச் செயலாக்கக் கிடைக்கும் முதல் வாய்ப்பையே பற்றிக்கொள்; நாள்தோறும் தேவையே இல்லாவிட்டாலும் கடினமான சிறு காரியம் ஒன்றைச் செய்து மனவலிமையை உயிரோடு வைத்திரு என்பவை அதன் சாரம். கடைசியாகக் கூறியதை அவர் காப்பீட்டுக் கட்டணத்திற்கு ஒப்பிடுகிறார். செலுத்தும்போது வீண் செலவாகத் தோன்றும். வீடு தீப்பற்றும் நாளில் அதன் அருமை விளங்கும்.

அதே அத்தியாயத்தில் ஒரு ரஷ்யச் சீமாட்டி வருகிறாள். நாடக அரங்கினுள் கற்பனைப் பாத்திரங்களின் துயரத்திற்காக அவள் கண்ணீர் வடித்துக்கொண்டிருக்கிறாள். வெளியே, அவளுடைய வண்டியோட்டி பனியில் உறைந்து மடிந்துகொண்டிருக்கிறான். நல்ல உணர்ச்சி ஒன்று எழுந்து, செயலாக மாறாமல் ஆவியாகிப் போகும் ஒவ்வொரு முறையும், மனம் அடுத்த முறையும் அவ்வாறே செயலற்றிருக்கப் பழகிக்கொள்கிறது என்பது ஜேம்ஸின் எச்சரிக்கை. சொற்பொழிவைக் கேட்டு நெகிழ்ந்து, பஜனையில் உருகி, வீடு திரும்பியதும் வேலைக்காரப் பெண்ணிடம் எரிந்து விழும் அன்பர்களுக்கு இந்தப் பக்கம் சற்றுக் கசக்கவே செய்யும். அந்தக் கசப்பே இந்நூலைப் படிப்பதன் பயன். இசை கேட்டு நெகிழ்ந்த பின் குதிரை டிராமில் ஒருவருக்கு இடமளிப்பது போன்ற ஒரு சிறு செயலையாவது செய்துவிட வேண்டும் என்று அவர் தீர்வும் கூறுகிறார்.

இனி, எது பழையது என்பதையும் பார்க்க வேண்டும். முப்பது வயதுக்குள் குணம் சாந்து போல இறுகிவிடும், பெரும்பாலோருக்கு அது மீண்டும் இளகாது என்று ஜேம்ஸ் எழுதினார். முப்பதுக்குப் பின்னும் பொறுப்புணர்வும் மன அமைதியும் பலருக்கு வளர்ந்துகொண்டே செல்வதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு விலக்கும் கூடாது என்ற அவருடைய கண்டிப்பும் அவ்வாறே. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 96 பேர், உணவுடன் பழம் உண்ணல், நடை போன்ற ஒரு புதிய பழக்கத்தைப் பன்னிரண்டு வாரங்கள் மேற்கொண்டார்கள். பழக்கம் தானாக நிகழும் நிலையை எட்ட நடுவளவாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபடும் என்று கணிக்கப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை என்பதும் தெரிந்தது. (21 நாட்களில் எந்தப் பழக்கமும் கைவரும் என்ற பரவலான நம்பிக்கை, மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர் 1960-இல் எழுதிய நூலிலிருந்து கிளம்பியது. சிகிச்சைக்குப் பின் மாறிய தம் முகத்துக்குப் பழக நோயாளிகளுக்கு ஆகும் காலம் பற்றியே அவர் பேசினார். அதுவும் குறைந்தது 21 நாட்கள் என்றே கூறினார்.)

ஆகவே ஒரு நாள் தியானம் தவறியவர், எல்லாம் போயிற்று என்று கைவிட வேண்டியதில்லை. ஆனால் 'இன்று ஒரு நாள் கணக்கில்லை' என்று தினமும் கூறிக்கொள்பவரை ஜேம்ஸ் விடுவதாக இல்லை. அவன் கணக்கிடாவிட்டாலும் அவனுடைய நரம்புகள் கணக்கிடுகின்றன என்பார். சம்ஸ்காரங்கள் எவ்வாறு படிகின்றன என்று கேட்டு வளர்ந்த இந்திய வாசகருக்கு இந்தக் கருத்து அந்நியமாகத் தோன்றாது. உண்மையில் இரு மரபுகளும் சந்தித்தும் இருக்கின்றன. 1896 மார்ச் மாதம் ஹார்வர்டில் சுவாமி விவேகானந்தர் வேதாந்தம் பற்றி உரையாற்றினார். அவருடைய 'ராஜ யோகம்' நூலை ஜேம்ஸ் 1902-ஆம் ஆண்டு நூலில் எடுத்தாண்டுள்ளார்.

தன்மதிப்பு என்னும் பின்னம்

'நான்' என்பது பற்றிய அத்தியாயம் நீளமானது. சில பகுதிகள் கடினமானவை. கடினமானவற்றைத் தாண்டிச் செல்வதில் தவறில்லை. ஆனால் ஓரிடத்தில் நிற்கத்தான் வேண்டும். ஒருவருக்குத் தம்மீது உள்ள மதிப்பு, அவர் பெற்ற வெற்றியை அவர் தமக்கு உரியதாகக் கோரியவற்றால் வகுத்தால் கிடைப்பது என்று ஜேம்ஸ் கூறுகிறார். உலகிலேயே இரண்டாவது சிறந்த குத்துச்சண்டை வீரன் அவமானத்தால் குன்றுகிறான். எவராலும் அடித்து வீழ்த்தக்கூடிய நோஞ்சான், சண்டையில் வெல்ல வேண்டும் என்று நினைத்ததே இல்லையாதலால், நிம்மதியாக நடமாடுகிறான். தம்மைப் பற்றியே ஜேம்ஸ் எடுத்துக்காட்டும் தருகிறார். உளவியலில் பிறர் தம்மைவிட அதிகம் அறிந்திருந்தால் அவருக்கு உறுத்தும். கிரேக்க மொழி அறவே தெரியாதது பற்றி வெட்கமே இல்லை.

இந்தப் பின்னத்தை ஒருவர் தமக்குப் பொருத்திப் பார்க்க ஒரு மாலைப் பொழுது போதும். எந்தக் குறை சுட்டுகிறது, எது சுடவில்லை என்று இரு பட்டியல்கள் எழுதினால், தாம் எதைப் பணயம் வைத்து வாழ்கிறோம் என்பது தெரிந்துவிடும். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், தெருவில் யாரும் வணங்கவில்லையே என்று மனம் வாடுகிறார். அவர் இழந்தது சம்பளத்தை அன்று. பிறர் கண்களில் வாழும் 'நான்' என்று ஜேம்ஸ் தனியே பிரித்துக் காட்டியதையே அவர் இழந்திருக்கிறார். காரணம் தெரிந்துவிட்டதால் வாட்டம் உடனே அகன்றுவிடாது. ஆனால் மனைவியின் சமையலில் குற்றம் கண்டுபிடிப்பது குறையக்கூடும்.

கல்கத்தாவில் ஒரு மருத்துவர்

இத்துறையின் பழைய நூல்கள் எல்லாம் மேலை நாட்டவை அல்ல. கல்கத்தா மருத்துவரான கிரீந்திரசேகர் போஸ் (1887-1953), அடக்கி அழுத்தப்பட்ட விருப்பங்கள் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு நூல் 1921-இல் வெளிவந்தது. மறு ஆண்டு இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் பார்சிபகான் சந்தில் இருந்த அவருடைய இல்லத்தில் தோன்றியது. வியன்னாவிலிருந்த சிக்மண்ட் ஃபிராய்டுடன் அவர் பல ஆண்டுகள் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். இருவரும் நேரில் சந்தித்ததில்லை. 1931-இல் ஃபிராய்டின் 75-ஆவது பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தில் செதுக்கிய விஷ்ணுவின் சிலை ஒன்று சென்றது. அவர் அதைத் தம் மேசைமீது வைத்துக்கொண்டார். ஆனால் மரியாதைக்காகக் கருத்தை விட்டுக்கொடுப்பவரல்லர் போஸ். தம்மிடம் வந்த இந்திய நோயாளிகளிடம் ஃபிராய்டு கூறியது போல் எல்லாம் காணப்படவில்லை என்று துணிந்து எழுதினார்.

ஒவ்வொரு விருப்பத்துடனும் அதற்கு நேர் எதிரான விருப்பம் ஒன்றும் பிறக்கிறது. ஒன்று மேலே செயல்படும்போது மற்றது அடியில் அமிழ்ந்திருக்கிறது என்பது போஸின் கொள்கை. அடியில் கிடப்பதை உணர, எதிர்த்தரப்பில் தம்மை வைத்துக் கற்பனை செய்யுமாறு அவர் நோயாளியைத் தூண்டுவார். எல்லா மனநோயையும் இதனால் விளக்கிவிட முடியும் என்று இன்று யாரும் கருதுவதில்லை. ஆயினும் தன்னாய்வுக்கு இது கூரிய கருவி. பிறருக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பவர், நன்றி கெட்ட உலகம் என்று அடிக்கடி வெதும்பினால், 'எனக்கும் யாராவது கொடுக்க மாட்டார்களா?' என்ற ஏக்கம் அவருக்குள் வாய் திறவாமல் கிடக்கிறதா என்று பார்க்கலாம். அந்த ஏக்கம் இழிவானதன்று. அதை ஒளித்து வைப்பதுதான் சேவையைக் கசப்பாக்குகிறது. யோக சூத்திரங்களையும் கீதையையும் உளவியல் நோக்கில் ஆராய்ந்தவர் போஸ் என்பதும் இங்கு நினைக்கத் தக்கது.

ஏழு ஆண்டுகளின் குறிப்பேடு

நூலறிவை விடவும் குறிப்பேடு முக்கியம் என்று காட்டிய பெண்மணி ஒருவர் உண்டு. மேரியன் மில்னர் (1900-1998) தொழில் உளவியல் துறையில் பணியாற்றிய ஆங்கிலேயர். நல்ல வேலை, நண்பர்கள், நலமான உடல் எல்லாம் இருந்தும், தம் வாழ்க்கை தம்முடையதாக இல்லை என்ற எண்ணம் அவரை விட்டு அகலவில்லை. 1926-இல் ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார். இன்று எது என்னை மகிழ்வித்தது என்ற ஒரே கேள்வி. விடையை யூகித்து எழுதுவதில்லை; நடந்ததைப் பார்த்து எழுதுவது. ஏழு ஆண்டுகள் இவ்வாறு கண்டவற்றை 1934-இல் 'சொந்தமாக ஒரு வாழ்க்கை' என்ற பொருள்படும் தலைப்பில், ஜோனா ஃபீல்டு என்ற புனைபெயரில் வெளியிட்டார்.

அவர் கண்டது வியப்பானது. எவற்றை அடைந்தால் மகிழ்ச்சி வரும் என்று அவர் எண்ணியிருந்தாரோ, அவை குறிப்பேட்டில் அதிகம் இடம்பெறவே இல்லை. இடம்பெற்றவை சிறியவை, எந்தச் சாதனையோடும் தொடர்பற்றவை. அப்போதெல்லாம் பொதுவாக இருந்தது ஒன்றே. அந்த நேரங்களில் அவருடைய கவனம் விரிந்திருந்தது. மனிதக் கவனம் இருவகைப்படும் என்பது அவர் முடிவு. ஒன்று, தனக்கு வேண்டியதை மட்டும் தேடிக் குறுகி நோக்குவது. அன்றாடக் காரியங்களுக்கு அது தேவை. மற்றது, எதையும் வேண்டாது அகன்று நோக்குவது. முதலாவது தானாக வருகிறது. இரண்டாவது சிறு முயற்சியால் வருகிறது. அதற்கு எந்த ஆசானும் அவருக்கு வாய்க்கவில்லை. நோக்கிக்கொண்டே இருந்ததால் கிடைத்தது.

மற்றொன்றும் கண்டார். பகல் முழுவதும் மனத்தின் ஓரத்தில் ஓயாத ஓர் அரட்டை நடக்கிறது; அதை நேரே பார்க்கத் திரும்பினால் பட்டாம்பூச்சி போலப் பறந்து மறைகிறது. எனவே தோன்றியதைத் தோன்றியவாறே, தடுக்காமல், திருத்தாமல் எழுதிப் பிடித்தார். படித்துப் பார்த்தபோது, அறிவும் பட்டமும் பெற்ற பெண்ணின் எண்ணங்களுக்கு அடியில், குழந்தைக்கு உரிய அச்சங்களும் பிடிவாதங்களும் வாழ்ந்துகொண்டிருந்தன. தம் கருத்தும் பிறர் கருத்தும் வேறு வேறாக இருக்கலாம் என்பதைக்கூட அந்தக் குருட்டுச் சிந்தனை அறியவில்லை. தியானத்தில் அமர்ந்தவுடன் கடைக்கணக்கும் உறவினர் பேச்சும் வந்து மொய்க்கின்றன என்று வருந்துபவர், அவற்றை விரட்டுவதற்கு முன் ஒரு வாரம் எழுதிப் பார்ப்பது தகும். எந்த ஒரே கவலை எட்டு வேடங்களில் வந்துகொண்டிருந்தது என்பது தாளில்தான் தெரியும்.

சாதகர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய இன்னொருவர் கேரன் ஹார்னை. ஜெர்மனியில் பிறந்து 1932-இல் அமெரிக்கா சென்ற இந்த மருத்துவர், 1942-இல் தன்னாய்வு பற்றியே ஒரு நூல் எழுதினார். 1950-இல் வந்த நூலில், மனிதன் தன்னைப் பற்றி ஓர் உயர்ந்த சித்திரத்தைத் தீட்டிக்கொண்டு, அதற்கேற்ப 'இப்படி இருந்தே ஆகவேண்டும்' என்று தன்னையே கொடுமைப்படுத்துவதை விரிவாகக் காட்டுகிறார். கோபத்தை வெல்ல முயல்வது ஒன்று. 'எனக்குக் கோபம் வருவதே இல்லை' என்று நம்பத் தொடங்குவது வேறு. பின்னது சாதனைபோலத் தோன்றும். உள்ளே, வந்த கோபத்துக்கு வேறு பெயரிட்டு வைத்திருப்பதுதான் நடக்கும்.

படிப்பவர் செய்யும் பிழைகள்

ஜெரோம் கே. ஜெரோம் 1889-இல் எழுதிய நகைச்சுவை நூலில் ஒருவன், நூலகத்தில் மருத்துவ நூலைப் புரட்டி, அதிலுள்ள எல்லா நோய்களும் தனக்கு இருப்பதாக முடிவு செய்கிறான். முழங்கால் வீக்கம் ஒன்றுதான் விடுபட்டதாம். உளவியல் நூல்களைப் படிப்பவருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதைவிடப் பெரிய பிழை, கணவருக்கும் மருமகளுக்கும் மேலதிகாரிக்கும் அந்த நூலிலிருந்து பெயர் சூட்டுவது. படிக்கும் வரிக்குப் பக்கத்தில் வேறொருவரின் முகம் தோன்றினால், அந்தப் பக்கத்தை மறுபடியும் தம்மை நினைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது என்று பொருள்.

பழைய நூலாசிரியர்கள் தங்கள் காலத்தின் குறைகளையும் உடையவர்கள். பெண்களைப் பற்றி ஃபிராய்டு எழுதியவற்றில் பல இன்று ஏற்கத் தக்கவையல்ல. அவற்றை அன்றே எதிர்த்து எழுதியவர்களுள் ஹார்னை முக்கியமானவர். நூறாண்டு இடைவெளி இருப்பதால் இக்குறைகள் பளிச்சென்று தெரிகின்றன. இன்றைய நூல்களிலும் இத்தகைய குறைகள் உண்டு. அவை இன்று கண்ணில் படுவதில்லை. அச்சமும் சோர்வும் உறக்கத்தையும் உணவையும் கெடுக்கும் அளவுக்கு முற்றியவர்களுக்கு நூல் மருந்தாகாது. மருத்துவரிடம் செல்வதே முறை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணிலும் தமிழ் உட்படப் பல மொழிகளில் ஆலோசனை பெறலாம்.

எங்கே தொடங்குவது? ஜேம்ஸின் பெருநூல் ஏறத்தாழ 1,400 பக்கங்கள். அவரே 1892-இல் அதைச் சுருக்கி ஒரே தொகுதியாக வெளியிட்டார். மாணவர்கள் பெரியதை 'ஜேம்ஸ்' என்றும் சிறியதை 'ஜிம்மி' என்றும் செல்லமாக அழைத்தார்கள். ஆசிரியர்களுக்காக அவர் ஆற்றிய உரைகள் 1899-இல் நூலாயின. அதன் மொழி இன்னும் எளிது. மூன்றுமே பதிப்புரிமைக் காலம் கடந்தவை என்பதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 'ஜிம்மி'யில் பழக்கத்தைப் பற்றிய அத்தியாயத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். நாளுக்கு நான்கைந்து பக்கங்கள் போதும். பக்கத்தில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். இடப்பக்கத்தில் ஜேம்ஸ் கூறியதைச் சுருக்கமாகவும், வலப்பக்கத்தில் அன்று தம்மிடம் கண்டதையும் எழுத வேண்டும். முதல் வாரத்தில் வலப்பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும்.